பட்டகமா, பிரமிடா: அடிப்பக்கத்தைக் கொண்டு வடிவத்தை இனங்காணும் முறை

பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் கண்ணாடி முப்பட்டகத்தை மேசையின் மீது கிடத்திவிட்டு, இதன் அடிப்பக்கம் எது என்று ஒரு மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மேசையைத் தொட்டுக்கொண்டிருக்கும் செவ்வகத்தையே அவர் காட்டுவார். அன்றாடப் பேச்சில் 'அடி' என்றால் கீழே இருப்பது என்றுதான் பொருள் என்பதால் அவர் மீது குறை சொல்ல முடியாது. ஆனால் வடிவியலில் அடிப்பக்கம் என்பது தரையைத் தொடும் முகம் அன்று. வடிவத்துக்குப் பெயர் தரும் முகம். இந்த ஒரு வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் பின்னால் வரும் குழப்பங்களில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

பொருளைக் கையில் எடுத்து மெதுவாகத் திருப்புங்கள். ஒன்றுக்கொன்று எதிரெதிராக, இணையாக, அளவிலும் உருவிலும் துளியும் மாறாத இரண்டு முகங்கள் இருந்து, மற்ற முகங்கள் எல்லாம் அவ்விரண்டையும் இணைக்கும் செவ்வகங்களாகவோ இணைகரங்களாகவோ இருந்தால், அது பட்டகம். அந்த இரண்டு முகங்களே அடிப்பக்கங்கள். கண்ணாடி முப்பட்டகத்தில் அவை இரு கோடிகளிலும் உள்ள முக்கோணங்கள்; அதனால்தான் எப்படிக் கிடத்தினாலும் அது முக்கோணப் பட்டகமாகவே இருக்கிறது. மாறாக, ஒரே ஓர் அடிப்பக்கம் இருந்து, அதன் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒரு முக்கோணம் எழுந்து எல்லாம் ஒரே உச்சியில் கூடினால், அது பிரமிடு. எகிப்தின் கிசா நகரில் உள்ள பெரிய பிரமிடின் அடிப்பக்கம் ஏறக்குறைய 230 மீட்டர் பக்கமுள்ள சதுரம் என்பதால் அது சதுர பிரமிடு.

சந்தேகம் தீராவிட்டால் குளியல் சோப்பைச் செதுக்கியோ களிமண்ணைப் பிசைந்தோ வடிவத்தைச் செய்து, அடிப்பக்கத்துக்கு இணையாக நூலால் அறுத்துப் பார்க்கலாம். பட்டகத்தில் எங்கே அறுத்தாலும் வெட்டுமுகம் ஒரே அளவில் இருக்கும். பிரமிடில் மேலே போகப் போகச் சுருங்கும்.

முகங்களை மட்டும் எண்ணிவிட்டுப் பெயர் சொல்வது ஆபத்தானது. முக்கோணப் பட்டகத்துக்கும் 5 முகங்கள், சதுர பிரமிடுக்கும் 5 முகங்கள். விளிம்புகளை எண்ணினால் முன்னதற்கு 9, பின்னதற்கு 8 என்று பிரிந்துவிடும். அடிப்பக்கத்தின் பக்கங்களை எண்ணிக்கொண்டால் மற்றவை தாமே வந்துவிடும்: பட்டகத்தில் முகங்கள் அந்த எண்ணைவிட 2 கூடுதல், முனைகள் (விளிம்புகள் கூடும் மூலைகள்) இரு மடங்கு, விளிம்புகள் மூன்று மடங்கு, பிரமிடில் முகங்களும் முனைகளும் 1 கூடுதல், விளிம்புகள் இரு மடங்கு. சீவாத அறுகோணப் பென்சில் ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்து, 8 முகங்கள், 12 முனைகள், 18 விளிம்புகள் என்று விரலால் தடவி எண்ணச் சொல்லுங்கள். உருளைக்கும் கூம்புக்கும் அடிப்பக்கம் வட்டம். எண்ணுவதற்கு நேரான பக்கங்கள் இல்லாததால் அவை இந்தக் கணக்கில் சேரா.

தீப்பெட்டி போன்ற கனச்செவ்வகத்தில் எதிரெதிரான எந்த முகச் சோடியையும் அடிப்பக்கமாகக் கொள்ளலாம். நான்கு முகங்களும் முக்கோணங்களாக உள்ள முக்கோண பிரமிடிலும் எந்த முகமும் அடிப்பக்கமாகலாம். இவை விதிக்கு விலக்கு அல்ல. எதைத் தேர்ந்தாலும் பெயர் மாறாது என்பதே காரணம்.

அடிப்பக்கம் நாற்கரமாக இருக்கும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். முதலில் எதிர்ப்பக்கங்கள் இணையாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஒரு சோடி மட்டுமே இணை என்றால் சரிவகம். இரு சோடிகளும் இணை என்றால் இணைகரம். அதன் பிறகே அளவுகோலை எடுக்க வேண்டும்: இணைகரத்தின் நான்கு பக்கங்களும் சமம் என்றால் சாய்சதுரம், நான்கு கோணங்களும் செங்கோணம் என்றால் செவ்வகம், இரண்டும் பொருந்தினால் சதுரம். சதுர அட்டையை மூலையில் நிறுத்திக் காட்டினால் பல பிள்ளைகள் அது சதுரமில்லை என்பார்கள். மூலைமட்டத்தை வைத்துச் செங்கோணம் அப்படியே இருப்பதைக் காட்டுங்கள்.

இதற்கு நல்ல பயிற்சி முந்திரி கத்லி. தட்டில் பரப்பிய மாவில் சம இடைவெளியில் நேர்க்கோடுகள் கீறி, பிறகு அதே இடைவெளியில் சாய்வாகக் கீறினால் ஒவ்வொரு துண்டின் மேல்முகமும் சாய்சதுரமாகும். இரண்டாம் முறை இடைவெளி கூடினால் அது வெறும் இணைகரமாகிவிடும். மெல்லியதாக இருந்தாலும் அந்தத் துண்டும் ஒரு பட்டகமே. தீப்பெட்டியைப் போலவே அதற்கும் 6 முகங்கள், 8 முனைகள், 12 விளிம்புகள். எண்ணிக்கை இரண்டையும் பிரித்துக்காட்டாது; மேல்முகத்தின் மூலையில் மூலைமட்டத்தை வைக்கும்போதுதான் ஒன்று செவ்வகம், மற்றது சாய்சதுரம் என்பது தெரியவரும்.