வேன் டிரிப்ல குடிதண்ணி: எடுக்கறது, வெச்சுக்கறது, கெடாம பாத்துக்கறது

கேரவன்னு சொன்னாலே நம்ம ஊர்ல "எந்த ஹீரோ வந்துருக்காரு?"ன்னு தான் கேப்பாங்க. நான் சொல்றது ஷூட்டிங் வண்டி இல்லைங்க. பழைய டெம்போ டிராவலர் ஒண்ணு வாங்கி, பின்னாடி சீட்டெல்லாம் கழட்டிட்டு கட்டில், அடுப்பு மேடை, சின்னதா ஒரு சிங்க் போட்டு குடும்பத்தோட சுத்துவோம்ல, அந்த மாதிரி. கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து மூணு வருஷமா இதுல தான் போய்ட்டு வரோம். பாக்க வரவங்க பெட்டு, சோலார், ஏசி பத்தியே கேக்கறாங்க, தண்ணிய பத்தி ஒருத்தர் கூட வாயத் தொறக்கல. ஆனா எங்க முதல் டிரிப்ப பாதியில முடிச்சு வெச்சதே தண்ணி தான்.

ஏற்காடு போலாம்னு கிளம்புனோம். 90 லிட்டர் டேங்க் ஒண்ணு, அதுலயே குடிக்க, அதுலயே கழுவ. செடிக்கு ஊத்தற பச்ச ஹோஸ மாட்டி வீட்லயே ரொப்பிட்டேன், வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். விருத்தாசலம் தாண்டி ஒரு புளியமரத்தடியில நிறுத்தி காபி போட்டா, அத்தை ஒரு வாய் வெச்சுட்டு டம்ளர அப்படியே கீழ வெச்சுட்டாங்க. "மாப்ள, சைக்கிள் டியூப் வாசனை அடிக்குதே". அடிச்சது நிஜம். ஆத்தூர் வரதுக்குள்ள குழாய்லயும் தண்ணி வரல, பம்பு மட்டும் கர்ருனு கத்துது, கீழ குனிஞ்சு பாத்தா டேங்க் நசுங்குன பிஸ்கெட் டப்பா மாதிரி ரெண்டு பக்கமும் உள்ள போயிருக்கு. காத்து போறதுக்கு ஓட்டையே விடாம மூடிய டைட்டா திருகி வெச்சிருந்தேன். பையனுக்கு மறுநாள் வயித்தால போக ஆரம்பிச்சுது, சேலத்தோட வண்டிய திருப்பிட்டோம்.

திரும்பி வந்து யோசிச்சா, வீட்ல யாரும் இப்படி பண்றதில்ல. நல்ல தண்ணி ஒரு குடத்துல மூடி வெச்சிருப்பாங்க, புழங்கற தண்ணி தொட்டில இருக்கும், அந்த தொட்டி தண்ணிய எடுத்து யாரும் குடிக்க மாட்டாங்க. நம்ம பக்கம் கடலோரம், போர் போட்டா பல தெருவுல உப்பு, அதனால இந்த பழக்கம் நம்ம ரத்தத்துலயே இருக்கு. அத அப்படியே வண்டிக்குள்ள கொண்டு வந்தா போதும். கீழ சொல்ற எல்லா ஸ்டெப்பும் அத சுத்தி தான்.

ஸ்டெப் 1: எவ்ளோ வேணும்னு கணக்கு போடுங்க

நாங்க நாலு பேர். வெயில் காலத்துல குடிக்க ஆளுக்கு 3 லிட்டர், சமையல், காபி, டீக்கு ஆளுக்கு 2 லிட்டர்னு வெச்சா ஒரு நாளைக்கு 20 லிட்டர், அதாவது கரெக்டா ஒரு கேன். கை கால் கழுவ, பல்லு விளக்க, பாத்திரம் தேய்க்க சிக்கனமா இருந்தா ஆளுக்கு 10 லிட்டர்ல ஓட்டிடலாம். குளியல் இதுல சேராது, அது லாட்ஜ், ஆறு, சொந்தக்காரங்க வீடு.

இங்க ஒரு விஷயம் மறந்துடாதீங்க, ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. 100 லிட்டர் ஏத்துனா 100 கிலோ, கூட ஒன்றரை ஆள் ஏறி உக்காந்த மாதிரி. மூணு நாள் தண்ணிய மொத்தமா சுமக்காதீங்க, ஒன்றரை நாளைக்கு வெச்சுக்கிட்டு வழில ரொப்பிக்கோங்க.

ஸ்டெப் 2: நல்ல தண்ணி தனி, புழங்கற தண்ணி தனி

நல்ல தண்ணிக்கு 20 லிட்டர் கேன் ரெண்டு. புழங்கறதுக்கு 50, 60 லிட்டர் டேங்க் ஒண்ணு, அது தான் சிங்க் குழாய்க்கு போகும். சிங்க் மேல "குடிக்காதே"ன்னு ஸ்டிக்கர் ஒட்டிடுங்க, பசங்க நைட்டு தூக்கத்துல எந்திரிச்சு கிட்ட இருக்கற குழாய்ல தான் வாய வைப்பாங்க.

புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு என் யோசனை, முதல் ரெண்டு மூணு டிரிப்புக்கு பம்பு, பைப்புனு எதுவும் போடாதீங்க. அடியில குழாய் வெச்ச கேன் ரெண்டு, அத மேடை மேல வெச்சு பெல்ட் போட்டு கட்டுனா தண்ணி தானா இறங்கும், ரிப்பேர்ங்கற பேச்சே இல்ல. பழகுனதுக்கு அப்புறம் டேங்க்கு போங்க.

ஸ்டெப் 3: டேங்க், ஹோஸ் வாங்கறது

டேங்க் வாங்கும்போது ஃபுட் கிரேடுனு போட்டிருக்கா பாருங்க, டம்ளரும் முள்கரண்டியும் போட்ட குறி இருக்கும். சந்தையில சீப்பா நீல கலர் டிரம் கிடைக்குது, அதுல முன்னாடி என்ன கெமிக்கல் வந்துச்சுனு விக்கறவருக்கே தெரியாது, எவ்ளோ கழுவுனாலும் வேண்டாம். வாய் அகலமா கை உள்ள போற மாதிரி இருக்கணும், இல்லனா அடியில வழுவழுனு படியறத தேய்க்க முடியாது. வெளிச்சம் உள்ள போற வெள்ள டேங்க்னா பாசி பிடிக்கும், கருப்பு வாங்குங்க, இல்ல சாக்கு சுத்தி மறைங்க.

மூடிக்கு பக்கத்துல காத்துக்கு ஒரு சின்ன டியூப் கண்டிப்பா வைங்க. அந்த டியூப் வாய்ல கொசுவலை துணி கட்டுங்க, டெங்கு கொசு முட்டை விடறதே இந்த மாதிரி தேங்கி நிக்கற சுத்தமான தண்ணில தான். குடிதண்ணி ரொப்பற ஹோஸும் ஃபுட் கிரேடா தனியா ஒண்ணு வேணும். பச்ச ஹோஸ் செடிக்கு மட்டும்.

ஸ்டெப் 4: வண்டில மாட்டறது

கனமான சாமான் எவ்ளோ கீழயும் ஆக்சிலுக்கு எவ்ளோ கிட்டயும் இருக்கோ அவ்ளோ நல்லது. வண்டியோட வால் பக்கம் வெச்சா முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் மிதக்கற மாதிரி இருக்கும். பின் ஆக்சிலுக்கு கொஞ்சம் முன்னாடி, தரையோட தரையா, ரெண்டு பெல்ட் போட்டு கட்டுங்க. பாதி ரொம்புன டேங்க் தான் ரொம்ப ஆட்டும், ஈசிஆர்ல ஸ்பீடு பிரேக்கர்ல பிரேக் அடிச்சா தண்ணி முன்னாடி ஓடி இடிக்கறது சீட்டுல தெரியும். உள்ள தடுப்பு வெச்ச டேங்க் கிடைச்சா வாங்கிடுங்க.

பம்பு போடறதா இருந்தா 12 வோல்ட் டயாஃப்ரம் பம்பு (உள்ள ஒரு ரப்பர் சவ்வு அசைஞ்சு தண்ணிய இழுத்து தள்ளற வகை) போதும். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன சல்லடை ஃபில்டர், பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ், கை எட்டற இடத்துல ஒரு சுவிட்ச். தூங்கப் போகும்போது சுவிட்ச ஆஃப் பண்ணுங்க, எங்கயாவது ஒரு ஜாயின்ட் கசிஞ்சா நைட்டு பூரா பம்பு ஓடி காலையில கட்டிலுக்கு அடியில குளமே இருக்கும். நான் பாத்துருக்கேன்.

ஸ்டெப் 5: டேங்க சுத்தம் பண்றது

இத தான் எல்லாரும் ஸ்கிப் பண்றாங்க, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

வாசனை போடாத சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது குளோரின் ப்ளீச் திரவம், 5 சதவீதம்னு லேபிள் போட்டது வாங்குங்க. கணக்கு ரொம்ப ஈசி, ஒரு லிட்டர் தண்ணிக்கு 1 மில்லி. அப்படி கலந்தா லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் இருக்கும், டேங்க் கழுவ அது போதும். 60 லிட்டர் டேங்க்னா 60 மில்லி, இருமல் மருந்து மூடில அளந்துக்கலாம். முதல்ல டேங்க பிரஷ் போட்டு தேய்ச்சு அழுக்க வெளிய ஊத்திடணும், அழுக்கு இருந்தா குளோரின் அதுலயே தீந்துடும். அப்புறம் பாதி தண்ணி ரொப்பி, மருந்த ஊத்தி, மீதிய ரொப்பி, குழாய திறந்து குளோரின் வாசனை வர வரைக்கும் ஓட விட்டு மூடுங்க. பைப்புக்குள்ளயும் மருந்து போனா தான் பலன். நாலு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். அந்த நேரத்துல ஒரு தடவ வண்டிய தேவனாம்பட்டினம் பீச் வரைக்கும் ஓட்டிட்டு வாங்க, டேங்க் மேல் பக்கமும் நனையும், பசங்களுக்கும் ஜாலி. அப்புறம் முழுசா காலி பண்ணி, வாசனை போற வரைக்கும் ரெண்டு மூணு தடவ நல்ல தண்ணி விட்டு அலசுங்க.

இந்த மருந்தோட பாத்ரூம் ஆசிட் எதையும் கலந்துடாதீங்க, வர புகை மூச்ச அடைக்கும், அது விஷ வாயு. ஜன்னல் கதவெல்லாம் திறந்து வெச்சு பண்ணுங்க. பழைய பாட்டில்ல பவர் இருக்காது, வெயில்ல வெச்சிருந்தா சீக்கிரமே போயிடும்.

ஸ்டெப் 6: எங்க ரொப்பறது

கிளம்பும்போது வீட்டு தண்ணி தான் பெஸ்ட், உடம்புக்கு பழகுனது. வழில கேன் வாங்குனா சீல் உடையாம இருக்கா, தேதி இருக்கா, எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவு பாதுகாப்பு அமைப்பு) லைசென்ஸ் நம்பர் 14 இலக்கம் போட்டிருக்கா பாருங்க. பெட்ரோல் பங்க்ல குடிதண்ணி ஃப்ரீயா வைக்கணும்ங்கறது ரூல், டீசல் போடும்போது மரியாதையா கேட்டா கேன் ரொப்ப விடுவாங்க. குழாய்ல பிடிச்சா முதல் ஒரு நிமிஷம் சும்மா ஓட விடுங்க, குழாய் வாய துடைங்க, கைல பிடிச்சு மோந்து பாருங்க.

டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணில எவ்ளோ உப்பு கரைஞ்சிருக்குனு காட்டற கருவி, சின்னதா ஒண்ணு வெச்சுக்கலாம், கடலோரத்துல ரொம்ப உதவும். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருந்தா நல்லது, வேற வழியே இல்லாத ஊர்ல 2000 வரைக்கும் பரவால்லனு ஐஎஸ் 10500ங்கற இந்திய குடிதண்ணி தரம் சொல்லுது. ஆனா அந்த மீட்டர் உப்ப மட்டும் தான் சொல்லும், கிருமிய சொல்லாது. டிடிஎஸ் 80னு காட்டுற தண்ணில கூட வயித்தால போகற பூச்சி இருக்கலாம். இத நம்ப மாட்டேன்னு என் மச்சான் இன்னும் சண்ட போடறான்.

பிச்சாவரம் மாதிரி இடத்துக்கு போனா சுத்தி தண்ணி, குடிக்க ஒரு சொட்டு கிடையாது, சிதம்பரத்துலயே ரொப்பிட்டு போங்க. கடலோரத்துல நல்ல தண்ணி எப்பவுமே பெரிய விஷயம் தான். பாண்டி பாரதி பூங்கா நடுவுல இருக்குல ஆயி மண்டபம், எல்லாரும் செல்ஃபி எடுப்பாங்களே, அது முத்திரப்பாளையத்துல இருந்து ஊருக்கு நல்ல தண்ணி வந்ததோட ஞாபகமா நிக்குது. புதுச்சேரி அரசு சின்னத்துலயும் அது தான்.

ஸ்டெப் 7: சந்தேகமா இருந்தா

கொதிக்க வைங்க. தளதளனு கொதி வந்ததுக்கு அப்புறம் ஒரு நிமிஷம், ஊட்டி மாதிரி 2000 மீட்டருக்கு மேல போனா மூணு நிமிஷம், ஏன்னா மேல போகப் போக தண்ணி கம்மி சூட்லயே கொதிக்க ஆரம்பிச்சுடும். 2011 டிசம்பர் 30, தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரையேறுனப்போ கரண்ட் இல்ல, மோட்டார் இல்ல, எங்க அம்மா தெருக்கோடி அடிபம்புல பிடிச்ச தண்ணிய வெள்ள வேட்டிய நாலா மடிச்சு வடிகட்டி, விறகு அடுப்புல கொதிக்க வெச்சு தான் குடுத்தாங்க. வண்டிலயும் அதே ஆர்டர் தான், முதல்ல வடிகட்டு, அப்புறம் கொதிக்க வை.

கேஸ் மிச்சம் பண்ணணும்னா குளோரின் மாத்திரை. கம்பெனிக்கு கம்பெனி அளவு மாறும், அட்டைல போட்டத படிங்க, போட்டு அரை மணி நேரம் பொறுங்க. கலங்கல் தண்ணில மாத்திரை சரியா வேலை செய்யாது, தேத்தாங்கொட்டை உரசிப் போட்டோ படிகாரம் போட்டோ தெளிய வெச்சுட்டு போடுங்க. வெறும் தேத்தாங்கொட்டைய நம்பி குடிச்சுடாதீங்க, அது மண்ண மட்டும் தான் அடியில இறக்கும். ஆர்ஓ மெஷின் வண்டிக்கு எனக்கு பிடிக்கல, பாதி தண்ணிய வேஸ்ட்னு வெளிய தள்ளும், கரண்டும் வேணும்.

உப்பு தண்ணிக்கு இது எதுவுமே மருந்து இல்ல, கொதிக்க வெச்சா உப்பு இன்னும் கொஞ்சம் ஏறத் தான் செய்யும்.

ஸ்டெப் 8: தினசரி பழக்கம்

கேன்குள்ள சொம்ப விட்டு மொள்ளக் கூடாது. இத அத்தைக்கு சொல்லி புரிய வைக்க எனக்கு ரெண்டு டிரிப் ஆச்சு, "நாப்பது வருஷமா குடத்துல மொண்டு தான் குடிக்கறோம்"னாங்க. சண்டை வேண்டாம்னு கேன் வாய்ல சார்ஜ் போடற சின்ன பம்பு ஒண்ணு மாட்டிட்டேன், பட்டன தட்டுனா டம்ளர்ல விழும். இப்ப அதுக்கு சார்ஜ் இருக்கானு முதல்ல பாக்கறதே அத்தை தான்.

கேன் ரெண்டுத்துக்கும் 1, 2னு நம்பர் எழுதி வைங்க, ஒண்ணு காலியானதும் ரெண்டு தீர்றதுக்கு முன்னாடி அத ரொப்பணும். கார்க்குள்ள வெயில்ல பாட்டில விட்டுட்டு போகாதீங்க. சிங்க் தண்ணிக்கு அடியில ஒரு பக்கெட், அது ரொம்புனா டாய்லெட் இருக்கற இடத்துல ஊத்துங்க, பீச் மணல்லயோ ஏரிக்கரையிலயோ சோப்பு தண்ணிய விடாதீங்க.

ஸ்டெப் 9: வீட்டுக்கு வந்ததும்

அன்னிக்கே காலி பண்ணிடுங்க. டேங்க், பைப்பு, பம்பு ஃபில்டர் எல்லாம் காலி பண்ணி, மூடிய திறந்து மேல மெல்லிசு துணி கட்டி ஒரு நாள் காய விடுங்க. ஹோஸ சுருட்டி ரெண்டு வாயையும் பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டி தொங்க விடுங்க. போன ஆடியில நான் அந்த ரப்பர் பேண்ட போட மறந்துட்டேன், அடுத்த டிரிப்புக்கு ஹோஸ உதறுனா பல்லி முட்டை ரெண்டு உருண்டு வந்துச்சு, அத்தை பாக்கறதுக்குள்ள கால்ல மறைச்சுட்டேன்.