விக்டோரியா காலத்து மனநோயர் காப்பகத்தில் இருந்த ஒருவரின் வாழ்க்கையை எப்படித் தேடிப் படிப்பது

பெயர், தோராயமான ஆண்டு, கவுண்டி (இங்கிலாந்தின் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஆகிய மூன்றும் கையில் இருந்தால் தொடங்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒவ்வொரு கவுண்டியும் காப்பகம் அமைத்தாக வேண்டும் என்று 1845 சட்டம் கட்டாயமாக்கியது. அவற்றை மேற்பார்வையிட மனநோய் ஆணையர்களும் நியமிக்கப்பட்டார்கள். 1846 முதல் அந்த ஆணையர்களுக்காகப் பராமரிக்கப்பட்ட சேர்க்கைப் பதிவேடுகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணகத்தில் ‘எம்.எச். 94’ வரிசையில் இருக்கின்றன. ஒரு சேர்க்கைக்கு ஒரே வரிதான்: பெயர், காப்பகம், சேர்ந்த தேதி, வெளியேறிய அல்லது இறந்த தேதி. அடுத்து எந்தக் காப்பகத்தின் நோயாளிக் குறிப்பேட்டை (ஒவ்வொருவரின் நிலையையும் மருத்துவர் எழுதிவந்த ஏடு) தேட வேண்டும் என்பதை அந்த வரி காட்டிவிடும். குறிப்பேடுகள் பெரும்பாலும் கவுண்டி ஆவணகங்களில் உள்ளன. 100 ஆண்டு ஆகாதவை பொதுவாகப் பார்வைக்குக் கிடைக்காது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயரை மட்டும் தேடினால் பலமுறை ஏமாற்றமே மிஞ்சும். காப்பகவாசிகளைப் பல இடங்களில் முதலெழுத்துகளால் மட்டுமே குறித்தார்கள். அந்தக் காப்பகத்தின் பக்கங்களைத் திறந்து வயது, தொழில், பிறந்த ஊர் ஆகியவற்றைப் பொருத்திப் பாருங்கள்.

குறிப்பேட்டுக்கு முன் சேர்க்கைத் தாள்களைப் படியுங்கள். ஏழை நோயாளியைச் சேர்க்க ஒரு மருத்துவச் சான்றும் மாஜிஸ்திரேட்டின் ஆணையும் போதும். பணம் கட்டிச் சேர்பவருக்கு இரண்டு மருத்துவச் சான்றுகளும் உறவினரின் கோரிக்கையும் தேவை. 1890 சட்டத்துக்குப் பிறகு அவருக்கும் நீதித்துறை ஆணை வேண்டியிருந்தது. ‘ஏழை நோயாளி’ என்றால் பிச்சையெடுத்தவர் என்று எண்ணிவிடாதீர்கள். காப்பகச் செலவைக் குடும்பத்தால் தாங்க முடியாத தச்சரும் எழுத்தரும் இந்தப் பட்டியலில்தான் வருவார்கள்.

சான்றில் இரண்டு பகுதிகள் இருக்கும்: மருத்துவர் தாமே கண்டவை, பிறர் அவரிடம் சொன்னவை. குறிப்பெடுக்கும்போது இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். மனைவி சொன்னதை மருத்துவர் கண்டதாக எழுதிவிட்டால் பிறகு எல்லாமே சாய்ந்துவிடும். ‘கருதப்படும் காரணம்’ என்ற கட்டத்தில் குடி, கவலை, மதவெறி, தலைக்காயம் என்று பார்ப்பீர்கள். பெரும்பாலும் அது வீட்டாரின் ஊகம்.

நோயின் பெயரில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். மேனியா (மிகைக் கிளர்ச்சி), மெலன்கோலியா (ஆழ்ந்த சோர்வு) ஆகியவற்றை இன்றைய நோய்ப்பெயர்களாக மாற்றாதீர்கள். அன்று அவை மிக அகலமான வகைகள். ஒரு நோயை மட்டும் ஓரளவு உறுதியாக அடையாளம் காணலாம்: ‘பித்தரின் பொது வாதம்’ (ஆங்கிலத்தில் ‘ஜெனரல் பராலிசிஸ் ஆஃப் தி இன்சேன்’). பெரும்பாலும் நடுவயது ஆண்கள். தனக்குக் கோடிக்கணக்கில் சொத்து என்ற பேச்சு, அளவு வேறுபட்ட கண்மணிகள், குழறும் நாக்கு, தள்ளாடும் நடை, பிறகு வலிப்பு, படுக்கை, சில ஆண்டுகளில் மரணம். இந்த வரிசை பதிவில் தெரிந்தால் அது சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் மூளையைத் தாக்கியதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் ஆய்வாளர்கள் நோகுச்சியும் மூரும் அந்தக் கிருமியை இந்நோயாளிகளின் மூளையில் காட்டியது 1913-இல்தான். அதனால் விக்டோரியா கால மருத்துவர் குடியையோ கடும் உழைப்பையோ குறை சொல்லியிருந்தால், அவருடைய அன்றைய அறிவு அவ்வளவுதான்.

‘அமைதியாக இருக்கிறார்’ என்ற வரியைக் கண்டால் மருந்தையும் பாருங்கள். 1869-க்குப் பிறகு குளோரல் ஹைட்ரேட் என்ற மருந்து தூக்கத்துக்காகப் பரவலாகப் புழங்கியது, புரோமைடு என்ற அமைதிப்படுத்தும் மருந்தும் உண்டு. அந்த அமைதி நோய் குணமானதால் வந்ததா, மருந்தால் வந்ததா என்பதைத் தேதி வாரியாக ஒப்பிட்டால்தான் பிடிபடும். லண்டனுக்கு அருகே ஹான்வெல் காப்பகத்தில் மருத்துவர் ஜான் கனோலி 1839-இல் கட்டுக்கருவிகளைக் கைவிட்டதிலிருந்து சங்கிலியும் தோல்வாரும் குறைந்தன. ஆனால் தனியறை அடைப்பு தொடர்ந்தது. சாப்பிட மறுத்தவர்களுக்குக் குழாய்வழி உணவும் உண்டு. அவை எத்தனை முறை நடந்தன என்று எண்ணிக் குறியுங்கள்.

முதல் வாரங்களில் பதிவு அடர்த்தியாக இருக்கும். பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை ‘மாற்றமில்லை’ என்பதோடு நின்றுவிடும். அந்த மௌனத்தில் அவர் வயலிலோ தச்சுக்கூடத்திலோ உழைத்துக்கொண்டிருந்திருக்கலாம். ஆகவே காப்பகத்தின் பண்ணைக் கணக்குகளையும் அதை நிர்வகித்த பார்வையாளர் குழுவின் கூட்டக் குறிப்புகளையும் புரட்டுங்கள். குறிப்பேட்டில் செருகிய கடிதங்களை ஒருபோதும் தவறவிடாதீர்கள். தபாலில் சேர்க்கப்படாத கடிதங்கள் சில கோப்புகளில் உண்டு. அந்த மனிதர் தம் குரலிலேயே பேசுவது பெரும்பாலும் அங்கு மட்டும்தான்.

இடமாற்றத்தையும் தேடுங்கள். தந்தையை 1843-இல் கொன்ற ஓவியர் ரிச்சர்ட் டாட், 1844 முதல் லண்டனின் பெத்லெம் மனநோய் மருத்துவமனையிலும், 1864 முதல் 1886-இல் இறக்கும்வரை குற்றம் செய்த மனநோயாளிகளுக்கான பிராட்மூர் காப்பகத்திலும் இருந்தார். ஓர் ஆவணகத்தோடு நின்றால் அவர் வாழ்வில் பாதிதான் கிடைக்கும். ‘குணமானார்’ என்று வெளியேறியவருக்கும் அடுத்த சில ஆண்டுகளின் சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள். ‘சற்றுத் தேறினார்’ என்றிருந்தால் அவ்வூர் ஏழைவிடுதிப் (‘ஒர்க்ஹவுஸ்’) பதிவுகளையும் பாருங்கள். பலர் அங்கேதான் போய்ச் சேர்ந்தார்கள்.