பேத்தியிடம் அடைக்கோழியை ஒப்படைக்கும் முன்

பெண் குழந்தைக்கு வளர்க்கும் குணம் பிறவியிலேயே உண்டு என்று கொடைக்கானல் மலையிலுள்ள எங்கள் பூம்பாறையில் சொல்வார்கள். ஆசை பிறவியில் வரலாம், நிதானம் வராது. பொம்மைக்குச் சோறூட்டினால் அது வேண்டாம் என்று துப்புவதில்லையே! தன் இஷ்டப்படி நடக்கும் ஓர் உயிரோடு பழக வேண்டும். அதற்காகத் தம்பிப் பாப்பாவை அவள் இடுப்பில் ஏற்றிவிடாதீர்கள். அது நம் வேலையை அவள் தலையில் கட்டுவது. ஏழெட்டு வயதில் ஓர் அடைக்கோழியைக் கொடுங்கள்.

கொத்தாத நாட்டுக்கோழியாகப் பாருங்கள். கூடையின் அடியில் சாம்பல் தூவி, மேலே உலர்ந்த வைக்கோல் பரப்புங்கள். எங்கள் குளிருக்கு 9 முட்டை போதும். இறக்கைக்கு வெளியே பிதுங்கும் முட்டை குளிர்ந்து வீணாகும். ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும் என்பார் என் மாமியார். காரணம் அவருக்கும் தெரியாது, நானும் மாற்றவில்லை.

பொரிக்க 21 நாள். கோழி பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை எழுந்து, தின்று, எச்சமிட்டுத் திரும்பும். அந்த நேரத்துக்குக் கம்பும் தண்ணீரும் வைத்துவிட்டு எட்ட உட்கார்ந்து பார்ப்பது பேத்தியின் வேலை. முட்டையைத் தொடக் கை துறுதுறுக்கும், விடாதீர்கள். ஏழாம் நாள் இரவு மட்டும் நீங்களே ஒவ்வொரு முட்டையாக எடுத்து, டார்ச் வெளிச்சத்தில் காட்டுங்கள். கருப்பிடித்த முட்டையில் சிவப்பு நரம்புகள் படர்ந்திருக்கும். "அம்மாச்சி, வேர் விட்டிருக்கு!" என்றாள் என் பேத்தி. வெறுமையாகத் தெரிவதை எடுத்துவிடலாம்.

கடைசி நாள்தான் கடினம். ஓட்டில் துளை விழுந்த பிறகும் குஞ்சு வெளியே வர ஒரு நாள்கூட ஆகும். உரித்துவிடலாம் என்று அழுவாள். உள்சவ்வில் இன்னும் இரத்தம் ஓடுகிறது, மஞ்சள்கரு முழுதாக வயிற்றுக்குள் போகவில்லை, உரித்தால் இரத்தம் கசிந்து குஞ்சு செத்துப்போகும் என்று விளக்கமாகச் சொல்லுங்கள். 'தொடாதே' என்ற அதட்டல் பயத்தைத்தான் கற்றுக்கொடுக்கும்.

அந்த மஞ்சள்கருவே முதல் நாள் பசியைத் தாங்கும். பிறகு நொய் போடலாம். தண்ணீரை ஆழமில்லாத தட்டில், கூழாங்கல் போட்டு வையுங்கள். இல்லையென்றால் குஞ்சு மூழ்கிவிடும். ஐப்பசி மழையில் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தால் மூடி வீட்டுக்குள் வையுங்கள். அடைத்த அறையில் கரியடுப்பு கூடவே கூடாது, கண்ணுக்குத் தெரியாத அதன் நச்சுவாயு ஆளையே கொல்லும். குஞ்சுக்கு முத்தம் வேண்டாம். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். எச்சம் அள்ளும் வேலை பேரனுக்கு. அவனுக்கும் கை இருக்கிறது.

குஞ்சு செத்தால் சந்தையில் வேறு வாங்கி ரகசியமாக வைக்காதீர்கள். அவளுக்கு எண்ணத் தெரியும், அடையாளமும் தெரியும். குழி தோண்டும்போது அவளும் கூட நிற்கட்டும்.

வளர்ந்த சேவலைக் குழம்புக்குப் பிடிக்கும் முன் அவளிடம் கேளுங்கள். மாட்டேன் என்றால் விருந்தாளிக்குப் பருப்பும் முட்டைக்கோஸ் பொரியலும் போதும்.