குறைந்த விலை கார் ஜிபிஎஸ் கருவி: புதிதாக வாங்கியவர்களுக்கான செய்முறை விளக்கம்

கையில் செல்பேசி இருக்கும்போது காருக்கென்று தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவி எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். செல்பேசியிலும் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் முக்கியமான திருப்பம் வரும் நேரத்தில் யாராவது அழைத்து திரை மறைவது, போய்ச் சேர்ந்ததும் பேசப் பார்த்தால் பேட்டரி தீர்ந்திருப்பது போன்ற தொல்லைகள் தனிக் கருவியில் இல்லை. அதற்கு இருப்பது ஒரே வேலை. வரைபடம் முழுவதும் அதற்குள்ளேயே இருப்பதால் இணையமும் வேண்டாம், சிம் கார்டும் வேண்டாம்.

விலை குறைந்த கருவி சில குறைகளோடுதான் வரும். சிப் மெதுவாக வேலை செய்யும். பல கருவிகளில் திரையை லேசாகத் தொட்டால் போதாது, சற்று அழுத்த வேண்டும். எந்தச் சாலையில் நெரிசல் என்ற நேரடித் தகவல் பெரும்பாலும் கிடைக்காது. வரைபடமும் கொஞ்சம் பழையதாக இருக்கலாம். இவற்றோடு ஒத்துப்போவது கஷ்டமில்லை. நான் பார்த்தவரை, "இது தண்டம்" என்று கருவியைத் தூக்கிப் போட்டவர்களில் பலர், முதல் ஒரு மணி நேரத்தில் அவசரப்பட்டவர்கள். அந்த ஒரு மணி நேரத்தை வண்டி நிற்கும்போதே ஒதுக்கிவிடுங்கள். இந்த விளக்கத்தில் பெரும்பகுதி வண்டி கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை பற்றியதுதான்.

படி 1: வீட்டிலேயே தயார் செய்யுங்கள்

பெட்டியைப் பிரித்ததும் முழுவதுமாக சார்ஜ் ஏற்றுங்கள். இந்தக் கருவிகளின் பேட்டரி சிறியது, காரில் எப்போதும் வயரோடுதான் இருக்கப்போகிறது. ஆனாலும் வீட்டில் உட்கார்ந்து அமைப்புகளைப் பார்க்க அந்த பேட்டரி வேண்டும். கணினியில் செருகினால் சில கருவிகள் வரைபடத்தைக் காட்டாமல் ஒரு பென் டிரைவ் போல நின்றுவிடும். அது பழுது இல்லை. வயரைக் கழற்றினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

கணினியோடு இணைத்திருக்கும்போதே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். கருவியின் நினைவகத்திலோ அதன் மெமரி கார்டிலோ இருக்கும் எல்லாக் கோப்புகளையும், மறைந்திருக்கும் கோப்புகள் உட்பட, கணினியில் ஒரு தனி ஃபோல்டரில் நகலெடுத்து வையுங்கள். விலை குறைந்த பல கருவிகளில் வரைபடமும் மென்பொருளும் சேர்ந்து ஒரு சாதாரண மைக்ரோ எஸ்டி கார்டில்தான் இருக்கும். அந்தக் கார்டு கெட்டுப்போனால் கருவி வெறும் டப்பா. நகல் இருந்தால் புதுக் கார்டில் போட்டு மீட்க வாய்ப்பு உண்டு. இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அப்புறம் மொழி, நேர மண்டலம், கிலோமீட்டரா மைலா என்பதைத் தேர்ந்தெடுங்கள். நேர மண்டலம் தவறாக இருந்தால் போய்ச் சேரும் நேரம் மணிக்கணக்கில் தவறும். குரல் பட்டியலில் இரண்டு வகை இருக்கலாம்: முன்பே பதிவு செய்த மனிதக் குரல், எழுத்தைப் படித்துச் சொல்லும் கணினிக் குரல். முதல் வகை "இடது புறம் திரும்பவும்" என்பதோடு நின்றுவிடும். தெருப் பெயரையும் சேர்த்துச் சொல்வது இரண்டாவது வகைதான்.

படி 2: காரில் பொருத்துங்கள்

முன் கண்ணாடியை ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு உறிஞ்சு பிடியை அழுத்தி ஒட்டுங்கள். தூசியின் மேல் ஒட்டினால் பாதி வழியில் கழன்று விழும். சாலையை மறைக்காத, கை எட்டுகிற, கண்ணாடியின் கீழ் ஓரம் நல்ல இடம். காற்றுப்பை விரியும் பகுதியில் மட்டும் வைக்கவே வேண்டாம். கண்ணாடியில் எதையும் ஒட்டக்கூடாது என்று சட்டம் இருக்கும் இடங்களும் உண்டு. அங்கே டேஷ்போர்டில் வைக்கும் தாங்கியைப் பயன்படுத்துங்கள்.

சில கார்களின் முன் கண்ணாடியில் வெயிலைத் தடுக்கவோ பனியை உருக்கவோ மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். செயற்கைக்கோள் சிக்னல் அதைத் தாண்டி வரத் திணறும். அப்படிப்பட்ட முன் கண்ணாடிகளில், பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்கும் உள்பக்கக் கண்ணாடியைச் சுற்றி, பெரும்பாலும் கறுப்புப் புள்ளிகளோடு, பூச்சு இல்லாத ஒரு பகுதி விட்டிருப்பார்கள். கருவியை அதன் அருகே வைத்துப் பாருங்கள்.

சார்ஜர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கருவியோடு வந்த வயரையே பயன்படுத்துவது நல்லது. மட்டமான சார்ஜர்களும் பக்கத்தில் மாட்டிய சில டேஷ் கேமராக்களும் வெளியிடும் மின் இரைச்சல் ஜிபிஎஸ் சிக்னலையே அமுக்கிவிடும். சோதிப்பது எளிது: ஒவ்வொரு செயற்கைக்கோளின் சிக்னல் பலத்தையும் ஒரு பட்டையாகக் காட்டும் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு சார்ஜரைச் செருகுங்கள். பட்டைகள் சட்டென்று குட்டையானால் குற்றவாளி அதுதான். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது மின்னழுத்தம் ஒரு கணம் இறங்கும், அதில் கருவி அணைந்து மறுபடி துவங்கலாம். முதலில் வண்டியை ஸ்டார்ட் செய்து, பிறகு கருவியைச் செருகிப் பழகுங்கள்.

படி 3: முதல் சிக்னலுக்குக் காத்திருங்கள்

பலரும் பொறுமை இழப்பது இங்கேதான், அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. உங்கள் இடத்தைக் கணக்கிட, குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் வேண்டும். சிக்னல் கிடைத்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு செயற்கைக்கோளும் தான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லும் விவரமும் வந்து சேர வேண்டும். அந்த விவரம் விநாடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில்தான் வருகிறது. 30 விநாடிக்கு ஒரு முறை அது திரும்பத் திரும்ப ஒலிபரப்பாகிறது. நடுவில் ஒரு மரமோ பாலமோ மறைத்தால், விட்ட பகுதிக்கு அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். எல்லாச் செயற்கைக்கோள்களும் ஏறத்தாழ எங்கே இருக்கின்றன என்ற பொது அட்டவணை முழுதாக வந்து சேர 12.5 நிமிடம் ஆகும்.

செல்பேசி இந்த விவரங்களை இணையத்தில் இருந்து நொடியில் எடுத்துக்கொள்கிறது. உங்கள் கருவிக்கு அந்த வசதி இல்லை, எல்லாவற்றையும் வானத்தில் இருந்துதான் கேட்டு வாங்க வேண்டும். ஆகவே முதல் முறை, மேலே எதுவும் மறைக்காத திறந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, நகராமல் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். திரையில் சாம்பல் நிறப் பட்டைகள் ஒவ்வொன்றாக நிறம் மாறும். 4 பட்டைகள் மாறியதும் உங்கள் அம்புக்குறி சாலையில் வந்து உட்காரும். உடனே அணைக்காதீர்கள், அந்தப் பொது அட்டவணை முழுதும் இறங்கட்டும். மறுநாள் முதல் காத்திருப்பு வெகுவாகக் குறையும். பல வாரம் அணைத்து வைத்திருந்தாலோ, அணைத்த நிலையில் வெகு தூரம் கொண்டு போனாலோ மறுபடியும் தாமதமாகும்.

படி 4: அமைப்புகளைச் சரிசெய்யுங்கள்

வழி வகையில் 'வேகமான வழி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'குறுகிய வழி' என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 300 மீட்டரை மிச்சம் பிடிக்க, எதிரே ஒரு வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லாத சந்துக்குள் கொண்டுபோய் விடும். வாகன வகை 'கார்' என்று இருக்கிறதா பாருங்கள். மண் சாலைகளைத் தவிர்க்கும் வசதி இருந்தால் போட்டு வையுங்கள். சுங்கச் சாலையைத் தவிர்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.

வரைபடம் எப்போதும் வடக்கைப் பார்த்து நிற்காமல், நீங்கள் போகும் திசை மேலே வருமாறு வையுங்கள். முப்பரிமாணக் காட்சி அழகாக இருக்கும், ஆனால் மெதுவான சிப்பை அது மேலும் மெதுவாக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்குத் தட்டையான காட்சியே போதும் என்பது என் எண்ணம். இரவு நிறம் தானாக மாறும்படி வையுங்கள், வெளிச்சத் திரை இருட்டில் கண்ணைக் கூச வைக்கும். ஒலியளவை எஞ்சினும் ஏசியும் ஓடும்போது சோதியுங்கள்.

எச்சரிக்கை மணிகளில் தேவையானதைத் தவிர மற்றதை அணைத்துவிடுங்கள். ஓயாமல் கூவும் கருவியை நாளடைவில் காது கவனிக்காமல் விட்டுவிடும். வேகக் கேமரா எச்சரிக்கையை ஓட்டுநர் பயன்படுத்துவது ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் சட்டப்படி குற்றம். நீங்கள் ஓட்டும் இடத்தின் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 5: போகுமிடத்தைக் கொடுங்கள்

செல்பேசியில் அரைகுறையாகத் தட்டினாலும் கண்டுபிடித்துவிடும். இந்தக் கருவி அப்படி இல்லை. முதலில் ஊர், பிறகு தெரு, பிறகு கதவு எண் என்று அது கேட்கிற வரிசையில்தான் கொடுக்க வேண்டும். முழுப் பெயரையும் அடிக்காமல் முதல் மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் அடித்துப் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுங்கள், எழுத்துப்பிழைச் சிக்கல் பாதி தீரும். கதவு எண் இல்லையென்றால், அந்தத் தெருவும் இன்னொரு தெருவும் சந்திக்கும் இடத்தைக் கொடுங்கள்.

முகவரியே இல்லாத இடங்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுக்கலாம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 10.50 டிகிரி என்று உங்களுக்கு அனுப்பியதைக் கருவியில் 10 டிகிரி 50 நிமிடம் என்று அடித்தால், இடம் மாறிவிடும். 10.50 டிகிரி என்பது 10 டிகிரி 30 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர், ஆக 20 நிமிடப் பிழை உங்களை 37 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தும். கருவியில் தசம டிகிரி வடிவம் தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே எண்ணை அடியுங்கள்.

'வீடு' என்ற இடத்தில் உங்கள் கதவு எண்ணைப் போடாமல், அருகிலுள்ள ஒரு சந்திப்பைச் சேமியுங்கள். கார் கண்ணாடியை உடைத்துக் கருவியைத் திருடுகிறவருக்கு உங்கள் வீட்டு வழியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

படி 6: கிளம்புமுன் வழியை ஒரு பார்வை பாருங்கள்

மொத்த தூரம் உங்கள் கணிப்போடு ஒத்துப்போகிறதா? 40 கிலோமீட்டர் இருக்க வேண்டிய இடம் 400 என்று காட்டினால், அதே பெயருள்ள வேறு ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். பிடிக்காத சாலையில் கொண்டு போகிறதா? நடுவில் ஓர் ஊரை 'வழிப் புள்ளி'யாகச் சேர்த்தால் அந்தப் பக்கமாகத் திருப்பிவிடலாம். எல்லாம் முடிந்த பிறகே கியரைத் தொடுங்கள். ஓடும் வண்டியில் எழுத்து அடிப்பது கூடவே கூடாது. மாற்ற வேண்டியிருந்தால் ஓரம் கட்டுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரைச் செய்யச் சொல்லுங்கள்.

படி 7: தெரிந்த சாலையில் பழகுங்கள்

முதல் ஓட்டம் உங்களுக்கு அத்துப்படியான சாலையாக இருக்கட்டும். கருவி எவ்வளவு முன்னால் சொல்கிறது, சொல்லும்போது உண்மையில் எங்கே இருக்கிறீர்கள் என்பது அப்போதுதான் பிடிபடும். மெதுவான கருவிகளில் குரல் சற்றுப் பின்தங்கலாம். குரலோடு, திரையில் குறைந்துகொண்டே வரும் மீட்டர் எண்ணையும் ஓரக்கண்ணால் பார்த்துப் பழகுங்கள். வேண்டுமென்றே ஒரு திருப்பத்தைத் தவறவிட்டுப் பாருங்கள். அது புது வழி கணக்கிட எத்தனை விநாடி எடுக்கிறது என்று தெரிந்துவிட்டால், புது ஊரில் வழி தவறும்போது பதற்றம் வராது.

கருவி காட்டும் வேகம் காரின் முள்ளைவிடக் குறைவாக இருந்தால் குழம்ப வேண்டாம். வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது பல நாடுகள் பின்பற்றும் விதி. அதனால் தயாரிப்பாளர்கள் சற்றுக் கூட்டியே வைக்கிறார்கள்.

படி 8: அது தடுமாறும் இடங்களைத் தெரிந்து வையுங்கள்

மேம்பாலம்தான் முதல் எதிரி. திறந்த வானத்தின் கீழ் சில மீட்டர் துல்லியம் கிடைக்கும், ஆனால் மேம்பாலமும் சர்வீஸ் ரோடும் பிரியும் இடத்தில் இரண்டுக்கும் இடையே இருப்பதே சில மீட்டர்தான். நீங்கள் கீழே போய்க்கொண்டிருப்பீர்கள், அம்புக்குறி பாலத்தின் மேல் ஏறி நிற்கும். கருவி தன் கணக்கை அருகிலுள்ள சாலையோடு ஒட்டவைத்துக் காட்டுவதால் வரும் சிக்கல் இது. பிரிவுக்கு அரை கிலோமீட்டர் முன்பே பெயர்ப்பலகையைப் படிக்கத் தொடங்குங்கள். தவறான கிளையில் ஏறிவிட்டால் அப்படியே போங்கள். அங்கே பின்னால் எடுக்க முயல்வது உயிருக்கு ஆபத்து.

உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்து வருவதால் அம்புக்குறி பக்கத்துத் தெருவுக்குத் தாவும். சுரங்கப் பாதையில் சிக்னலே இருக்காது. வரைபடத்துக்குப் பிறகு போட்ட புதுச் சாலையில் ஓடும்போது அம்புக்குறி வெற்று நிலத்தில் மிதக்கும், "முடிந்தால் திரும்பவும்" என்று அது கெஞ்சிக்கொண்டே இருக்கும். ஒலியைக் குறைத்துவிட்டு நேராகப் போங்கள், தனக்குத் தெரிந்த சாலை வந்ததும் அது தேறிவிடும். ஒருவழிப் பாதையோ நுழைவுத் தடையோ, கண்ணெதிரே பலகை சொல்வதுதான் செல்லும்.

படி 9: பராமரிப்பும் கைமாற்றுவதும்

வண்டியை வெயிலில் நிறுத்தினால் கருவியைக் கழற்றி எடுத்துப் போங்கள். சூட்டில் லித்தியம் பேட்டரி உப்பிவிடும். கண்ணாடியில் உறிஞ்சு பிடி விட்ட வட்டத் தடத்தையும் துடைத்துவிடுங்கள், உள்ளே கருவி இருக்கிறது என்று அதுவே காட்டிக் கொடுக்கும். வரைபடப் புதுப்பிப்பு இருந்தால் ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்யுங்கள். இடம் போதுமா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், முடியும்வரை வயரை அசைக்காதீர்கள்.

பழைய கருவியை வாங்குகிறீர்களா? திரையில் தேதி சரியாக இருக்கிறதா பாருங்கள். ஜிபிஎஸ் வாரங்களை 1,024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். கடைசியாக அது நடந்தது 2019 ஏப்ரல் 6 அன்று, அடுத்தது 2038 நவம்பரில். மென்பொருள் புதுப்பிக்கப்படாத கருவி கிட்டத்தட்ட 20 ஆண்டு பின்னால் போய்விடும். புதுப்பிப்பு கிடைக்காது என்றால் அந்தக் கருவி வேண்டாம்.

உங்கள் கருவியை வேறு யாருக்காவது கொடுப்பதானால், சேமித்த இடங்கள், சமீபத்தில் தேடியவை, பயணத் தடங்கள் மூன்றையும் அழித்துவிட்டு ஆரம்ப நிலைக்கு மீட்டமையுங்கள். மெமரி கார்டை மட்டும் முழுதாக அழிக்காதீர்கள், வரைபடம் அதில்தான் இருக்கலாம். கணினியில் திறந்து, பயணத் தடக் கோப்புகள் ஏதாவது மிச்சமிருந்தால் அவற்றை மட்டும் நீக்கிவிட்டு, படி 1-இல் எடுத்து வைத்த நகலையும் வாங்குகிறவரிடம் சேர்த்துக் கொடுங்கள்.