கல் குவாரி ஆய்வு: கோப்பைப் பார்த்து டிக் போடும் முன்

சுற்றுச்சூழல் அனுமதியில் சொன்ன நிபந்தனைகளைப் பின்பற்றுகிறார்களா என்று ஆய்வு செய்ய, போன வருஷம் ஒரு கல் குவாரிக்குப் போயிருந்தோம். கோப்பில் 400 மரக்கன்று நட்டதாக இருந்தது. எண்ணிப் பார்த்தோம், கணக்கு சரியாகவே இருந்தது. கூட வந்த தம்பி டிக் போட்டுவிட்டார். நான் ஒரு வேப்பங்கன்றின் தண்டை இரண்டு விரலால் பிடித்து லேசாகத் தூக்கினேன். கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு கையில் வந்துவிட்டது. பையைக்கூடக் கிழிக்காமல் முந்தின நாள் சொருகி வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது பெரிய தவறு. கன்றுக்கு வயது என்ன, போன கோடையைத் தாண்டியதா, யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கேளுங்கள்.

சென்னையிலிருந்து செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் ஆய்வுக்குப் போகிறவர்கள் பலரும் முதல் நாளே போன் செய்து சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் என்ன, போய் இறங்கும்போது சாலை நனைந்திருக்கும், கல்லை உடைக்கும் கிரஷர் ஓடாமல் நின்றிருக்கும், லாரிகளில் தார்ப்பாய் கட்டியிருக்கும். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், குவாரி வாசலுக்கு வெளியே வந்து சாலையோரப் புளியமரத்து இலையைத் தடவிப் பாருங்கள். நேற்று தண்ணி லாரி சாலையைத்தான் கழுவியிருக்கும். இலையில் படிந்த பல வாரப் புழுதி அப்படியே இருக்கும். காற்றை அளக்கும் கருவியை எங்கே வைத்தார்கள் என்பதையும் பாருங்கள். நம் பக்கம் ஆடியில் தென்மேற்கிலிருந்து காற்று வரும். கருவி கிரஷருக்குத் தென்மேற்கில் இருந்தால் அதில் தூசு எப்படிச் சேரும்? 24 மணி நேர சராசரி நுண்தூசு (10 மைக்ரானும் அதற்குக் குறைவும் உள்ள PM10) கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. குவாரிக்காரர்கள் ஜூனிலும் டிசம்பரிலும் கொடுக்கும் அரையாண்டு அறிக்கைகளில் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகப்படுங்கள்.

எல்லைக் கல்லை உரிமையாளர் காட்டினால் அதை அப்படியே நம்பாதீர்கள். கல்லை நகர்த்தி வைக்க ஒரு ஜேசிபி போதும். ஜிபிஎஸ் கருவியில் நீங்களே அளந்து, அனுமதி வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். ஆழம் இன்னும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு போனால் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், எவ்வளவு தோண்டினார்கள் என்பது தெரியாது. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளக்கலாம். சித்திரையில் ஒருமுறை போவது அதைவிட நல்லது.

சின்னக் குவாரிதானே, 5 ஹெக்டேருக்குக் குறைவு, சுற்றுச்சூழல் அனுமதி வேண்டாம் என்று இன்னமும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியிலேயே அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது.

ஊர்க்காரர்களிடம் பேசாமல் திரும்பாதீர்கள். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை தரக் கூடாது. அந்தத் தூரத்துக்கு அப்பால் இருந்தாலும் வெடி அதிர்வு வீடுவரை வரும். ஒரு அம்மா என்னிடம், "மூணு மணிக்கு வெடி வெப்பாங்க தம்பி, அதுக்கு முன்னாடியே அலமாரியில இருக்கற பாத்திரத்தக் கீழ எறக்கி வெச்சிடுவேன்" என்றார். கோப்பில் அதிர்வு வரம்புக்குள் என்றிருந்தது. அந்த அலமாரியை நான் நேரில் பார்த்தேன், சுவரோரம் விரல் நுழையும் விரிசல்.

எனக்கு மனசு ஆறாதது மேல்மண் விஷயம். பல்லாவரம், திரிசூலம் மலைகளின் சார்னோக்கைட் பாறை இறுகிய கருங்கல். அது மக்கி மண்ணாக ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும். அதன் மேல் இருக்கிற மெல்லிய மண்ணைத்தான் முதலில் வழித்து எடுக்கிறார்கள். அதைத் தனியாகக் குவித்து, பச்சை போர்த்தி, நிலத்தைச் சீரமைக்கும்போது திரும்பப் பரப்ப வேண்டும். "மேல்மண் எங்கே குவித்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அது எப்போதோ லாரியில் ஏறிப் போய்விட்டது என்று அர்த்தம். தோண்டிய நிலத்தில் மறுபடி புல்லும் தீவனமும் வளரச் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொன்னது. மண் இல்லாமல் புல் எதில் வளரும்? கன்று நடுவதானால் புங்கன், வேம்பு, அத்தி போன்று நம் மண்ணுக்குப் பழகியவையாக இருக்கட்டும்.

சீரமைப்பு என்றால் பள்ளத்தை மூடுவது என்று நினைப்பதும் தவறு. கல் குவாரியில் திரும்பக் கொட்டப் போதுமான மண் இருக்காது; மூடச் சொன்னால் கட்டட இடிபாடும் குப்பையும்தான் வந்து விழும், நிலத்தடி நீர் கெடும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தால் பயனும் உண்டு. சென்னையை ஒட்டிய சிக்கராயபுரம் குவாரித் தண்ணீர் 2017 வறட்சியிலும் 2019 வறட்சியிலும் சுத்திகரிக்கப்பட்டுச் சென்னைக்கு வந்தது. ஆனால் அதே மாதிரிப் பள்ளங்களில்தான் குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கியிருக்கிறார்கள். சுவர் செங்குத்தாக இறங்கினால் பிடிக்க இடமில்லை, கால் வைக்கவும் இடமில்லை. அதனால்தான் பக்கங்களைப் படிப்படியாக, பெஞ்ச் விட்டு வெட்டச் சொல்கிறார்கள். தண்ணீர் நிறைந்த பிறகு இந்தப் படிகளை வெட்ட முடியாது. வேலை நடக்கும்போதே, ஒவ்வொரு ஆய்விலும், டேப்பைப் பிடித்துப் படியின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து, அங்கேயே நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலி எங்கே அறுந்திருக்கிறது, ஆடு மேய்க்கிறவர்கள் எந்த வழியாக உள்ளே வருகிறார்கள் என்பதையும் அன்றே குறித்து, எத்தனை நாளில் அடைக்க வேண்டும் என்று தேதி போட்டுக் கொடுங்கள்.