லயோல் மேசைக் கத்தி: தேனீயை நம்பி வாங்காதீர்கள்

லயோல் என்ற பிரெஞ்சு ஊரின் பெயர் பொறித்த கத்திப் பெட்டி 25 யூரோவுக்கும் கிடைக்கிறது, பல நூறு யூரோவுக்கும் கிடைக்கிறது. இரண்டிலும் ஆறு கத்திகள். இரண்டிலும் பிடி தொடங்கும் இடத்தில் ஒரு தேனீ. படத்தை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பிரான்சுக்குப் போகிறவர்களும் இணையத்தில் தேடுகிறவர்களும் ஏமாறுவது இங்கேதான். நல்ல கத்தியைத் தேடி வாங்கியவர்களில் பலரும் அதை ஒரே வருடத்தில் கெடுத்துவிடுகிறார்கள் என்பது அதைவிட வருத்தமானது. இந்த இரண்டு தவறுகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: அலகும் பிடியும் சேரும் மூட்டில். வாங்கும்போது தரத்தைக் காட்டுவது அந்த மூட்டு. வீட்டுக்கு வந்தபின் முதலில் தண்ணீர் புகுவதும் அதே மூட்டில்தான்.

பெயரைத் தரச்சான்றாக எடுத்துக்கொள்வது

லயோல் தென் பிரான்சின் அவெய்ரோன் மாவட்டத்தில், ஓப்ராக் பீடபூமியின் மேல், சுமார் 1000 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன ஊர். மாடு வளர்ப்பவர்களின் ஊர். 1829இல் பியேர்-ஜான் கால்மெல்ஸ் என்ற கொல்லர் அங்கே மடக்குக் கத்தி செய்யத் தொடங்கினார். 1840 வாக்கில் அதில் ஒரு கூரான ஊசி சேர்ந்தது. வயிறு உப்பிய மாட்டுக்குத் துளை போட்டுக் காற்றை வெளியேற்ற அது உதவியது. 1880 வாக்கில் ஒயின் புட்டியைத் திறக்கும் திருகும் சேர்ந்தது. மேசைக் கத்திகள் இந்த மடக்குக் கத்தியின் வடிவத்திலிருந்து பிறகு வந்தவை.

அந்தப் பெயர் நெடுங்காலம் யாருடைய பாதுகாப்பிலும் இல்லை. அந்த வடிவத்தில் யார் வேண்டுமானாலும், எந்த நாட்டில் வேண்டுமானாலும் கத்தி செய்து ‘லயோல்’ என்று பொறிக்கலாம் என்ற நிலை. 1993இல் ஊருக்குத் தொடர்பில்லாத ஒரு வணிகர் அந்தப் பெயரைப் பலவகைப் பொருள்களுக்கு வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டார். 2012இல் ஊர் நிர்வாகம் வழக்கில் தோற்றபோது, மக்கள் தங்கள் ஊரின் பெயர்ப் பலகையையே கழற்றி எதிர்ப்பைக் காட்டினார்கள். 2019இல்தான் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊரின் பக்கம் தீர்ப்பளித்தது. 2022இல் கத்திக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்த எல்லைக்குள் கத்தி செய்யும் இன்னொரு பிரெஞ்சு நகரமான தியேரும் வந்ததால் லயோல் கைவினைஞர்கள் நீதிமன்றம் போனார்கள், 2024இல் அந்தக் குறியீடு ரத்தானது.

இவ்வளவு சண்டையும் கத்தி வாங்குகிறவருக்குச் சொல்வது ஒன்றுதான். பெயரை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. தேனீயும் அப்படித்தான். நெப்போலியன் அந்த ஊருக்குத் தன் சின்னத்தைப் பரிசாகக் கொடுத்தான் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். நல்ல கதை, உண்மையில்லை. தேனீ வந்ததே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். மடக்குக் கத்தியில் அது அலகைப் பிடித்து நிறுத்தும் வில்பட்டையின் தலையில் உட்கார்ந்திருக்கும். மேசைக் கத்தி மடங்குவதில்லை, அதனால் அதில் தேனீ வெறும் அலங்காரம்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. லயோல் ஊரில் செய்தது மட்டுமே அசல், தியேரில் செய்தது போலி என்று ஒதுக்குவது. இதை நான் ஏற்கவில்லை. தியேர் பல நூற்றாண்டுகளாகக் கத்தி செய்யும் நகரம். துரோல் ஆற்றின் வேகத்தில் சுழலும் சாணைக்கல்லுக்கு மேல் பலகையில் குப்புறப் படுத்து வேலை செய்தவர்கள் அங்கே இருந்தார்கள். குளிருக்கு இதமாக அவர்களுடைய கால்மேல் நாய் படுத்திருக்கும். இருபதாம் நூற்றாண்டில் லயோல் ஊரில் இந்தத் தொழில் ஏறக்குறைய நின்றே போனபோது அந்த வடிவத்தைக் காப்பாற்றியது தியேர்தான். ஊரில் தொழில் மீண்டும் தழைத்தது 1980களில். பிரெஞ்சு வடிவமைப்பாளர் பிலிப் ஸ்டார்க் வடிவமைத்த, கூரையிலிருந்து பெரிய அலகு ஒன்று வானத்தை நோக்கி நீளும் தொழிற்சாலை அந்த மறுபிறப்பின் அடையாளம்.

எனவே எந்த ஊர் என்பதைவிட, யார் செய்தது என்று கேளுங்கள். அலகில் பட்டறையின் முத்திரை இருக்கிறதா? எஃகு என்ன, எங்கே பூட்டப்பட்டது, பழுது பார்த்துத் தருவார்களா? நல்ல பட்டறையின் கத்தியை விற்பவர் இதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்வார். ‘லயோல் பாணி’ என்று மட்டும் எழுதி, நாட்டின் பெயரே இல்லாத பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள்.

மூட்டைத் தடவிப் பார்க்காமல் வாங்குவது

கத்தியைக் கையில் வாங்கியதும் பலர் முதலில் கூரைப் பார்க்கிறார்கள். புதுக் கத்தி எல்லாமே கூராகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது பிடியை. அலகின் எஃகு பிடியின் கடைசிவரை ஓடுகிறதா என்று மேலிருந்து பாருங்கள். இரண்டு மரத் துண்டுகளுக்கு நடுவே உலோகக் கோடு முழு நீளத்துக்கும் தெரிந்தால் அது உறுதியான கட்டு. மலிவுக் கத்திகளில் குட்டையான ஒரு வால் மட்டும் உள்ளே போய்ப் பசையில் நிற்கும். பசை இளகியதும் அலகு ஆடத் தொடங்கும்.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவுங்கள். அலகும் பிடியும் சேருமிடத்தில் உள்ள உலோகப் பூணிலிருந்து மரத்துக்கோ கொம்புக்கோ விரல் போகும்போது எந்தப் படியும், எந்த இடுக்கும் தட்டுப்படக் கூடாது. ஆணித் தலைகள் பிடியோடு சமமாக இருக்க வேண்டும். நகம் மாட்டும் அளவு இடைவெளி இருந்தால், நாளைக்குத் தண்ணீரும் எண்ணெயும் சோற்றுத் துணுக்கும் அங்கேதான் தங்கும். முதுகுப் பட்டையில் அரத்தால் செதுக்கிய வேலைப்பாடு கத்திக்குக் கத்தி சற்று மாறியிருந்தால் அது குறையல்ல, கைவேலையின் தடம். அச்சில் வார்த்தது போல ஆறும் ஒன்றாக இருந்தால்தான் சந்தேகம் வர வேண்டும்.

கடினமான எஃகே நல்லது என்று நினைப்பது

சமையலறைக் கத்தி பற்றிப் படித்துவிட்டு, மேசைக் கத்திக்கும் மிகக் கடினமான எஃகைத் தேடுகிறவர்கள் உண்டு. மேசைக் கத்தி பலகையில் வெட்டுவதில்லை, பீங்கான் தட்டில் வெட்டுகிறது. மிகக் கடினமான எஃகின் மெல்லிய கூர் தட்டில் பட்டுப் பட்டுச் சிதறும். எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 56 முதல் 58 வரை போதும். பிரெஞ்சுப் பட்டறைகள் பலவும் பயன்படுத்தும் 12சி27 என்ற சுவீடன் எஃகு இந்த வேலைக்கு அளவானது. துருவை நன்றாகத் தாங்கும், வீட்டிலேயே தீட்டிக்கொள்ளவும் முடியும்.

பழைய பாணிக் கார்பன் எஃகை விரும்புகிறவர்கள் அதன் குணம் தெரிந்து வாங்க வேண்டும். எலுமிச்சை, தக்காளி, வினிகர் பட்டால் கறுக்கும், மீனுக்கும் பழத்துக்கும் இரும்பு வாடை ஏற்றும். ஐரோப்பியப் பணக்கார வீடுகளில் மீனுக்கும் பழத்துக்கும் வெள்ளி அலகுள்ள தனிக் கத்திகள் இருந்ததற்குக் காரணம் இதுதான். 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கிய பிறகே அந்தத் தேவை குறைந்தது.

பல் வைத்த கத்தியா, நேர்கூர்க் கத்தியா என்று கேட்டால் தயங்காமல் நேர்கூர் என்பேன். பல் வைத்தது நீண்ட நாள் வெட்டுவது போலத் தோன்றும். உண்மையில் அது இறைச்சியைக் கிழிக்கிறது, மழுங்கினால் வீட்டில் தீட்டவும் முடியாது.

பிடியின் பொருளை அழகுக்காக மட்டும் தேர்வது

மாட்டுக் கொம்பு, ஆலிவ், வால்நட், ஜூனிபர், கருங்காலி என்று பிடிக்கு எத்தனையோ வகை. கொம்புதான் இவற்றில் பேரழகு. ஒரு கொம்பைப் போல இன்னொன்று இருக்காது. ஆனால் அதுதான் அதிகப் பராமரிப்பும் கேட்கும். கொம்புத் தகடுகள் சூட்டில் இளக்கித் தட்டையாக அழுத்தப்பட்டவை. கொதிநீர் பட்டால் மறுபடி இளகிப் பழைய வளைவைத் தேடும். காய்ந்த காற்றில் வெடிக்கும். ஏசி அறையில் கண்ணாடி அலமாரிக்குள் விளக்குக்குக் கீழே காட்சிக்கு வைப்பது கொம்புக்குச் செய்யும் கெடுதல். கொம்பின் அடிப்பகுதியைவிட, உள்ளே குழிவில்லாத நுனிப்பகுதியில் செதுக்கிய பிடி நன்றாகத் தாங்கும். விலையும் கூடும்.

தினமும் பயன்படுத்தப்போகிறீர்கள், வீட்டில் எல்லோரும் கழுவுவார்கள் என்றால் கொம்பு வேண்டாம். பிசின் ஏற்றி இறுக்கிய மரமோ, ஜூனிபர், ஆலிவ் போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மரமோ போதும். ரோஸ்வுட் பிடி என்றால் அதை நாடு விட்டு நாடு கொண்டுபோகும் விதிகளைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மர இனம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. விமானத்தில் கத்திப் பெட்டி கைப்பையில் போகாது, சரக்குப் பெட்டியில்தான் போக வேண்டும்.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடுவது

மற்ற எல்லாத் தவறுகளையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. முள்கரண்டியும் கரண்டியும் வருடக்கணக்கில் அந்த இயந்திரத்தில் பளபளவென்று இருக்கும்போது கத்தியில் மட்டும் பழுப்புப் புள்ளிகள் வரும். உடனே ‘போலிக் கத்தி’ என்று விற்றவரைத் திட்டுவார்கள். பெரும்பாலும் காரணம் வேறு. கரண்டியின் உலோகத்தில் 18 சதவீதம் குரோமியமும் 10 சதவீதம் நிக்கலும் இருக்கும். அது துருவை அருமையாகத் தடுக்கும், ஆனால் அதைச் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்க முடியாது, எனவே கூர் நிற்காது. கத்தி அலகுக்குக் கடினம் தேவை, அதற்குக் கார்பன் தேவை. அந்தக் கார்பன் குரோமியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு கட்டிப் போட்டுவிடுகிறது. ஆகவே மிகச் சிறந்த கத்தியின் அலகும் கரண்டி அளவுக்குத் துருவைத் தாங்காது. சூடு, காரமான சோப்புத் தூள், உப்பு, மணிக்கணக்கில் ஈரம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் புள்ளி விழத்தான் செய்யும்.

பிடிக்கு நேர்வது இன்னும் மோசம். மரம் நீரைக் குடித்து உப்பும், காய்ந்து சுருங்கும். நடுவில் இருக்கும் எஃகு அசையாது. இப்படி மாறி மாறி நடந்தால் மூட்டில் மயிரிழை விரிசல் திறக்கும். அதன் வழியே நீர் உள்ளே போய் ஆணியைத் துருவேற்றும். தொட்டியில் இரவு முழுக்க ஊறப் போடுவதும் இதே கேட்டைத்தான் செய்யும்.

சரி, எப்படிக் கழுவுவது? சாப்பிட்டு முடித்த கையோடு, வெதுவெதுப்பான நீரில், மென்மையான ஸ்பாஞ்சில், பிடியை நனையவிடாமல் அலகை முதுகிலிருந்து கூர் நோக்கித் துடையுங்கள். இரும்பு நாரும் தேய்ப்புத் தூளும் வேண்டாம். உடனே உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள், தானாகக் காயட்டும் என்று சாய்த்து வைக்காதீர்கள். எலுமிச்சைச் சாறும் உப்பும் பட்டிருந்தால் உணவு முடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். உப்புக் காற்றில் ஈர அலகு வெகு சீக்கிரம் புள்ளி காணும்.

எண்ணெய், உறை, அலமாரி

பிடி மங்கியதும் சமையலறையில் கிடைக்கும் நல்லெண்ணெயையோ கடலை எண்ணெயையோ பூசுகிறார்கள். அது நாளடைவில் பிசுபிசுத்து நாறும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாராஃபின் இரண்டு துளி போதும். மரத்துக்குத் தேன்மெழுகு கலந்த பூச்சும் நல்லது. மாதம் ஒருமுறை தடவி, அரை மணி நேரம் விட்டு, துணியால் துடைத்துவிடுங்கள். அலகுக்கும் அதையே மெல்லத் தடவலாம்.

அலமாரியில் கரண்டிகளோடு சேர்த்துப் போடாதீர்கள், கூர் உரசி மழுங்கும். வாங்கும்போது வந்த மரப்பெட்டியே நல்ல இடம், உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவைக்கலாம். தோல் உறை அழகுதான், ஆனால் அதில் மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பதனிடப் பயன்பட்ட பொருள்கள் எஃகை அரிக்கும்.

சாணையில் அவசரம்

தட்டில் வெட்டும் கத்தி மழுங்கத்தான் செய்யும். அதற்காக இழுத்துத் தீட்டும் மலிவுக் கருவியில் போட்டால் கூரைச் சுரண்டி எடுத்துவிடும். தெருவில் வேகச் சக்கரத்தில் பிடிக்கும் சாணை அருவாளுக்கும் அரிவாள்மணைக்கும் பொருந்தும், மெல்லிய மேசைக் கத்திக்குப் பொருந்தாது. இந்த வகை எஃகைக் கடைசியாகப் பதப்படுத்துவது ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில். தண்ணீர் விடாத வேகச் சக்கரத்தில் மெல்லிய கூர் ஒரு நொடியில் அதைத் தாண்டிவிடும். விளிம்பில் நீலநிறம் தெரிந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். எவ்வளவு தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது, அந்தப் பகுதியைத் தேய்த்து நீக்குவதைத் தவிர வழியில்லை.

அடிக்கடி விருந்து வைக்கும் வீட்டில் சில வாரங்களுக்கு ஒருமுறை பீங்கான் தீட்டுகோலில் பக்கத்துக்கு நான்கைந்து இழுப்பு போதும், அலகைச் சுமார் 20 டிகிரி சாய்த்து, அழுத்தாமல். அதற்கும் மசியவில்லை என்றால் தண்ணீரில் நனைத்த 1000 நம்பர் தீட்டுகல்லில் மெதுவாகத் தீட்டுங்கள். உங்கள் கை இன்னும் பழகவில்லை என்றால் மலிவான கத்தி ஒன்றில் முதலில் பழகிக்கொள்ளுங்கள். பல் வைத்த கத்தியையும், பிடி விரிந்த கத்தியையும் வீட்டில் நோண்டாமல் செய்த பட்டறைக்கே அனுப்புங்கள். பெயருள்ள பட்டறைகள் தீட்டித் தருவதோடு பிடியும் மாற்றித் தருகின்றன. பில்லைப் பெட்டிக்குள்ளேயே போட்டு வைத்தால் அப்போது தேட வேண்டியிருக்காது.