கொசுத்தேனீப் பிசினில் சாறு எடுப்பது: வேலூர் வெயிலுக்கேற்ற முறை

சுவர் இடுக்கிலும் மரப் பொந்திலும் கூடு கட்டும் கொசுத்தேனீயிடம் தேன் கொஞ்சம், பிசின் தாராளம். மா, பலா, வேம்பில் வழியும் பிசினை மெழுகோடு குழைத்துக் கூட்டில் பூசும். அதிலுள்ள ஃபீனால்கள், ஃபிளேவனாய்டுகள், டெர்பீன்கள் என்னும் தாவர வேதிப்பொருள்கள் எல்லாம் அந்த மரங்கள் கொடுத்தவையே. தாய்லாந்தில் மங்குஸ்தான் தோப்புக் கூடுகளில் ஆல்பா மாங்கோஸ்டின் என்ற மங்குஸ்தான் வேதிப்பொருள் கிடைக்கிறது. குடியாத்தம் மாந்தோப்புக் கூட்டில் அதைத் தேடிப் பயனில்லை. எனவே, சுற்றி அரை கிலோமீட்டருக்குள் நிற்கும் மரங்களை முதலில் எழுதிவையுங்கள். ஈரத் தாரையும் பெயின்டையும்கூட கொசுத்தேனீ பிசினென்று அள்ளிவரும். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் பட்டறைகளை ஒட்டிய கூடு என்றால் குரோமியம், ஈயம் சோதிக்காமல் பயன்படுத்தாதீர்கள்.

பிசினைக் காலை ஏழு மணிக்குள் எடுங்கள். வெயில் ஏறினால் கத்தியிலேயே பாகாக ஒட்டிக்கொள்ளும். பெட்டி ஓரத்தில் இருப்பதை மட்டும் சுரண்டுங்கள். வாசல் குழாயை உடைத்தால் எறும்பு நுழைந்துவிடும். இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்த நல்ல பிசின், தட்டினால் கண்ணாடிபோல் சில்லுச் சில்லாக உடையும். மிக்ஸியில் விட்டு விட்டு அடியுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி பிளேடில் அப்பிக்கொள்ளும்.

20 கிராம் தூளுக்கு 70 சதவீத எத்தனால் 200 மி.லி. அதாவது 95 சதவீத ஸ்பிரிட் (எத்தனால்) 147 மி.லி. எடுத்து, காய்ச்சி வடித்த நீரால் 200 ஆக்குங்கள். நீர் கூடினால் பிசின் கரையாது, ஸ்பிரிட் கூடினால் மெழுகும் சேர்ந்து இறங்கும். மெத்தில் கலந்த எரிசாராயம் நஞ்சு, கூடவே கூடாது. நல்ல ஸ்பிரிட்டுக்குக் கலால் அனுமதி வேண்டும் என்பதால் கல்லூரி ஆய்வுக்கூடமே சரியான இடம்.

பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் இருட்டில் பத்து நாள், தினமும் குலுக்கல். வடிகட்டி, ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வைத்தால் மெழுகு வெண்படலமாகத் திரளும். குளிர் விடுமுன் மறுபடி வடிகட்டுங்கள். இதைத் தவிர்த்தால் மெழுகும் சேர்ந்து, சாற்றின் எடைக் கணக்கே பொய்யாகும். சாற்றில் ஒரு சொட்டு தண்ணீரில் விழுந்ததும் பாலாகக் கலங்கினால் பிசின் இறங்கியிருக்கிறது. ஃபெரிக் குளோரைடு விட்டதும் கரும்பச்சையோ கருநீலமோ ஆனால் ஃபீனால் உண்டு. அளவு தெரிய ஃபோலின் சோதனை: ஃபீனாலால் நீலமாகும் கரைசலின் நிற அடர்த்தியை 765 நானோமீட்டர் ஒளியில் அளப்பது.

ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் (வெளிச்சவ்வு இல்லாத வகை) கிருமிகளை இந்தச் சாறு நன்கு தடுக்கும், ஈ. கோலை என்ற குடல் கிருமிக்கு வெளிச்சவ்வு இருப்பதால் அத்தனை எடுபடாது. இதெல்லாம் ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கும் தட்டில் கண்டது, மனித உடலில் அல்ல. சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கு இதைப் பூசிக்கொண்டு மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். தேனீப் பொருள் ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் தொடவே வேண்டாம்.